டோட்டோனாக் மக்களின் பழியும் பாஷையும்

ஒரு ஜனசமூகம் பல நூற்றாண்டுகளாக உழுதும், கட்டியும், பாடியும், வழிபட்டும் வாழ்ந்திருக்க, அதன் நீண்ட சரித்திரத்தில் நான்கு மாத காலம் மட்டும் பிறருடைய ஏடுகளில் எழுதப்பட்டு, அந்த நான்கு மாதங்களைக் கொண்டே அதன் குணமும் தகுதியும் நிர்ணயிக்கப்படுமாயின், அதைவிடப் பெரிய அநீதி வேறொன்று இருக்க முடியாது. மெக்ஸிகோ தேசத்தின் கிழக்குப் பகுதியில், வெராகுரூஸ், புவேப்லா மாநிலங்களின் கடலோரச் சமவெளியிலும் அதற்கு மேற்கே மேகம் கவிந்து நிற்கும் மலைச் சரிவுகளிலும் வாழ்கிற டோட்டோனாக் மக்களுக்கு நேர்ந்திருப்பது இதுவே. 1519-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எர்னான் கோர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தளபதி அவர்கள் கரையில் வந்திறங்கியதற்கும், ஆகஸ்டு மாதத்தில் அவர்களுடைய செம்போவாலா நகரத்திலிருந்து புறப்பட்டு ஆஸ்டெக் சக்கரவர்த்தியின் தலைநகரை நோக்கி நடந்ததற்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளே அவர்களைப் பற்றி உலகம் படிக்கிற பாடம். அந்நியனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் என்று ஒரே வரியில் அவர்களை முடித்துவிடுகிறவர்கள் அநேகர். அந்த வரி பொய் என்பதும், அம்மக்களுக்கு உலகம் இன்று காட்டுகிற மரியாதை அவர்களுடைய பழைய கோபுரங்களோடும் கண்கவர் கூத்தோடும் நின்றுவிடாமல் அவர்களுடைய பாஷைக்கும், நிலத்துக்கும், தம்மைத் தாமே ஆளும் உரிமைக்கும் எட்டவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

கோர்த்தேஸ் வருவதற்கு முன் அறுபது எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்ததை அறிந்துகொள்ளாமல் அந்த நான்கு மாதங்களை விளங்கிக்கொள்ள முடியாது. 1450-களின் ஆரம்பத்தில் மெக்ஸிகோவின் மத்திய பீடபூமியில் தொடர்ந்து சில ஆண்டுகள் உறைபனியும் வறட்சியும் விளைச்சலை அழிக்க, 1454-இல் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது மழை வளம் குன்றாத டோட்டோனாக் நாட்டில் மக்காச்சோளக் களஞ்சியங்கள் நிறைந்திருந்தன. பீடபூமியிலிருந்து இறங்கிவந்த குடும்பங்கள் தங்கள் குழந்தைகளையும், சில சமயம் தங்களையுமே, அங்கே மக்காச்சோளத்துக்கு விற்றுப் பிழைத்தார்கள் என்று ஆஸ்டெக் மரபைத் தொகுத்த பழைய நூலாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வளமான கரையின்மேல் பசித்தவன் வைத்த கண் மாறவில்லை. அதே நூற்றாண்டிலேயே ஆஸ்டெக் படைகள் கீழே இறங்கி டோட்டோனாக் ஊர்களை ஒவ்வொன்றாகக் கீழ்ப்படுத்தின. பருத்தித் துணியும் விளைபொருளும் திறையாகச் சென்றதோடு நில்லாமல், ஆண்மக்களும் பெண்மக்களும் பலிக்கும் அடிமைத் தொழிலுக்குமாக ஆண்டுதோறும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். செம்போவாலாவின் அரசன் கோர்த்தேஸிடம் கண்ணீர் மல்கச் சொன்ன குறை இதுவே என்று, அந்தப் படையில் ஒரு சிப்பாயாக வந்து முதுமையில் நூல் எழுதிய பெர்னால் தியாஸ் குறித்திருக்கிறார்.

பெர்னால் தியாஸின் நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். டோட்டோனாக் தூதர்கள் ஐந்து பேர் முதன்முதலாக ஸ்பானியரின் பாசறைக்கு வந்தபோது, அவர்களுடைய பாஷை அங்கிருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. தூதர்களில் இருவருக்கு ஆஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழி தெரிந்திருந்தது. அவர்கள் நாவாட்டிலில் சொன்னதை மாலின்ட்சின் என்னும் பெண் மாயா மொழியில் பெயர்த்துச் சொல்ல, அதை ஆகிலார் என்பவர் ஸ்பானிய மொழியில் பெயர்த்துக் கோர்த்தேஸின் காதில் போட்டார். அதாவது, டோட்டோனாக் அரசன் எண்ணியது மூன்று பாஷைகளைக் கடந்து, நான்காவது பாஷையில், வெற்றிபெற்றவனுடைய சிப்பாய் ஒருவனால் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அந்த நான்கு மாதங்களைப் பற்றி அவர்களுடைய சொந்த வாயால் வந்த சாட்சியம் எதுவும் அந்த ஏடுகளில் இல்லை. சாட்சி பேச அழைக்கப்படாத ஒரு வழக்கில் எழுதப்பட்ட தீர்ப்பை நாம் எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதை வாசகரே யோசிக்கவேண்டும்.

அந்த ஏடுகளைக் கொண்டே பார்த்தாலும் குற்றம் யார்மேல் விழுகிறது? கியாவிஸ்ட்லான் என்னும் மலைநகரில் ஸ்பானியர் தங்கியிருந்தபோது, ஆஸ்டெக் அரசாங்கத்தின் வரி அதிகாரிகள் ஐவர் அங்கே வந்து, அனுமதியின்றி அந்நியரை வரவேற்றதற்குத் தண்டனையாக இருபது பேரைப் பலிக்கு ஒப்படைக்கும்படி கட்டளையிட்டார்கள். அவர்களைப் பிடித்துக் கட்டிவைக்கும்படி டோட்டோனாக் தலைவர்களைத் தூண்டியவர் கோர்த்தேஸ். தலைவர்கள் நடுங்கிக்கொண்டே அப்படிச் செய்த அன்றிரவே, அதே கோர்த்தேஸ் அந்தக் கைதிகளில் இருவரை ரகசியமாக விடுவித்து, தாம் சக்கரவர்த்தி மொக்தெசூமாவின் நண்பர் என்றும், நடந்ததில் தமக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்லியனுப்பினார். விடிந்தபோது டோட்டோனாக்குகளுக்குத் திரும்பிச் செல்ல வழியே இல்லாமல் போயிற்று. சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளான முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களும் ஸ்பானியனின் வாளைத் தவிர வேறு துணையின்றி நிற்க நேர்ந்தது. இதைத் துரோகம் என்று சொல்வதானால், துரோகம் செய்யப்பட்டவர்கள் அவர்களே. சில நாட்களில் செம்போவாலாவின் கோயிலிலிருந்த தெய்வ உருவங்கள் அவர்கள் கண்ணெதிரிலேயே படிகளில் உருட்டித் தள்ளப்பட்டன. எதிர்த்து நின்ற மக்களின் தலைவர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு இது நடத்தப்பட்டது என்பதையும் அந்தச் சிப்பாய் மறைக்கவில்லை.

மெக்ஸிகோ என்று ஒரு தேசம் அப்போது இருக்கவில்லை என்பதை மறந்துவிட்டவர்களே அவர்களைத் தேசத்துரோகிகள் என்று பேசத் துணிவார்கள். இருந்தது ஒரு சாம்ராஜ்யமும், அதன் காலடியில் நசுங்கிய பல நாடுகளும். தன் பிள்ளைகளைப் பலிபீடத்துக்கு இழுத்துச் செல்லும் அரசனுக்கு விசுவாசமாக இருக்கவேண்டிய கடமை எந்தத் தர்மசாஸ்திரத்திலும் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் அதைவிடக் கொடிய நுகத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை அறியும் வழி 1519-இல் எவருக்கும் இல்லை. அறிந்துகொள்ள ஓராண்டுகூட ஆகவில்லை. 1520-இல் கோர்த்தேஸைப் பிடிக்க வந்த நார்வாயெஸ் என்னும் மற்றொரு ஸ்பானியத் தளபதியின் படையோடு பெரியம்மை நோய் அந்தக் கரையில் இறங்கியது. அந்த நோய் முதலில் தாக்கிய நகரம் செம்போவாலாவே என்பது சரித்திர வழக்கு. வெண்சுண்ணம் பூசிய அதன் சுவர்கள் வெயிலில் பளபளத்ததைக் கண்டு, வெள்ளியால் கட்டிய நகரம் என்று ஸ்பானியக் குதிரைவீரன் ஒருவன் மயங்கி ஓடிவந்து சொன்ன அந்த நகரம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சில பத்து வீடுகளாகச் சுருங்கிப் பின்பு காடாயிற்று. 1891-இல் பிரான்ஸிஸ்கோ தெல் பாஸோ இ த்ரோன்கோஸோ என்னும் அறிஞர் தலைமையில் சென்ற குழுவினர் மரங்களை வெட்டியே அதை மறுபடியும் காண வேண்டியதாயிற்று. நட்புக்கு அவர்கள் பெற்ற ஊதியம் இது.

அவர்களுடைய புராதன மேன்மைக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது எல் தாஹீன் என்னும் நகரம். பாப்பான்ட்லா ஊருக்கு அருகே, பசுங்குன்றுகளுக்கிடையில், ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு முதல் 1200-ஆம் ஆண்டு வரையில் தழைத்திருந்த அந்த நகரத்தில், அடுக்கடுக்காக எழும் ஒரு கோயிலின் நான்கு பக்கங்களிலும் மாடங்கள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கின்றன. சூரிய வருஷத்தின் நாட்களுக்குச் சமமாக மொத்தம் 365 மாடங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிழலும் வெயிலும் மாறி மாறி அந்த மாடங்களில் விழ, கல்லே மூச்சு விடுவதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. அதைக் கட்டிய சிற்பிகளின் மதியூகத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பந்தாட்டத்தையும் பலியையும் காட்டும் சிற்பங்கள் செறிந்த ஆட்டக் களங்கள் பல அங்கே உள்ளன. 1785-இல் அரசாங்கத்துக்குத் தெரியாமல் புகையிலை பயிரிடுவோரைத் தேடிக் காட்டுக்குள் புகுந்த தியேகோ ரூயிஸ் என்னும் ஸ்பானிய அதிகாரி தற்செயலாக அதைக் கண்டு வெளியிட்டார் என்று நூல்கள் சொல்லும். கண்டுபிடித்தார் என்று எழுதுவதை நான் ஒப்பவில்லை. சுற்றிலும் இருந்த டோட்டோனாக் உழவர்களுக்கு அது இடிமுழக்கத்தின் தெய்வங்களான பன்னிரண்டு முதியோர் உறையும் இடமாகத் தெரிந்தே இருந்தது. அந்நியருக்குச் சொல்லாமல் அதைக் காத்துவந்தார்கள். அதைக் கட்டியவர்கள் இன்றைய டோட்டோனாக்குகளின் முன்னோர்தாமா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், நகரம் பாழான பின்பு எத்தனையோ தலைமுறைகளாக அதன் பெயரையும் பெருமையையும் நெஞ்சில் வைத்துப் போற்றியவர்களுக்கே அது உரியது என்று நான் கொள்கிறேன். 1992-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

கல்லைவிட நுட்பமான ஒன்றையும் அவர்கள் உலகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று எந்தப் பட்டணத்திலும் குழந்தைகள் ஆசையோடு கேட்டு வாங்குகிற ஐஸ்கிரீமின் வெனிலா வாசனை, டோட்டோனாக் காடுகளில் மரங்களைப் பற்றிப் படர்ந்த ஓர் ஆர்க்கிட் கொடியின் காயிலிருந்து பிறந்தது. பச்சையாகப் பறிக்கும்போது மணமே இல்லாத அந்தக் காயை வெயிலில் காயவைத்து, கம்பளியில் சுற்றி வேர்க்கச் செய்து, மறுபடியும் உலர்த்தி, மாதக்கணக்கில் பக்குவப்படுத்தினால்தான் உள்ளே உறங்கும் மணம் எழும் என்பதை அந்தக் காட்டுவாசிகள் பொறுமையாலும் கூர்ந்த கவனத்தாலும் அறிந்திருந்தார்கள். ஐரோப்பியர் கொடியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் குடியேற்ற நாடுகளில் நட்டபோது அது பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. மகரந்தத்தைச் சேர்த்துவைக்கும் பூச்சி அங்கெல்லாம் இல்லாததே காரணம். 1836-இல் பெல்ஜியத்தில் ஷார்ல் மோரன் என்னும் தாவர சாஸ்திரி கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார். 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மோன் ஆல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் அதைச் செய்யும் எளிய முறையைக் கண்டான். கேரளத்திலும் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வெனிலா பயிரிடும் நம் விவசாயிகள் காலையில் விரிந்த பூ வாடுமுன் கையால் மகரந்தம் சேர்க்கிறார்களே, அந்தக் கைத்தொழில் அச்சிறுவனிடமிருந்து வந்ததாகும். அவன் வறுமையில் இறந்தான். கொடியைப் பேணி வளர்த்த ஜனங்களும் செல்வந்தராகவில்லை. 1874-இல் ஜெர்மனியில் செயற்கை வெனிலின் தயாரிக்கப்பட்ட பிறகு, உலகம் நுகரும் வெனிலாவில் பெரும்பகுதி ஆலையில் பிறப்பதாயிற்று. இயற்கையானதிலும் மடகாஸ்கர் முதலிடத்தைப் பெற்றுவிட்டது.

வெனிலாவால் பாப்பான்ட்லாவுக்குப் பெயர் வந்தது. ஆனால் அந்தப் பெயரே அவ்வூர் உழவர்களின் பொதுநிலத்துக்கு வினையாய் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காயின் விலை ஏற ஏற, கொடி படர்ந்த காட்டின் மதிப்பும் ஏறியது. தலைமுறை தலைமுறையாக ஊருக்குப் பொதுவாயிருந்த நிலம் முதலில் கூட்டுப் பங்குகளாகவும், பின்பு தனித்தனித் துண்டுகளாகவும் சட்டத்தின் பெயரால் பிரிக்கப்பட்டது. வியாபாரிகளும் வட்டிக்குக் கொடுத்தவர்களும் அத்துண்டுகளைச் சேர்த்துக்கொண்டார்கள். 1890-களில் வெடித்த கிளர்ச்சிகள் படைபலத்தால் அடக்கப்பட்டன. அதற்கு முன்பும் அம்மக்கள் தலைவணங்கி இருந்தவர்கள் அல்லர். மெக்ஸிகோவின் சுதந்திரப் போராட்ட காலத்தில் செராபின் ஓலார்த்தே என்னும் டோட்டோனாக் தலைவர் ஸ்பானியப் படைகளைப் பாப்பான்ட்லாவைச் சூழ்ந்த மலைகளில் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். சுதந்திரம் வந்த பின்பு அவருடைய மகன் மரியானோ ஓலார்த்தே, டோட்டோனாக்குகளின் புனித வாரச் சடங்குகளைப் புவேப்லா பிஷப் தடைசெய்ததையும், மாட்டுப் பண்ணைக்காரர் நிலத்தில் புகுந்ததையும் பொறாமல் 1836-இல் ஆயுதம் எடுத்து, இரண்டு ஆண்டுகளில் உயிர் துறந்தார். கோர்த்தேஸின் கூட்டாளிகள் என்று இந்த மக்களைத் தூற்றுகிறவர்கள், தந்தையும் மகனுமாக அந்தத் தேசத்தின் விடுதலைக்கும் நியாயத்துக்கும் உயிரைக் கொடுத்ததை ஏனோ நினைப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அதே பூமியின் அடியில் எண்ணெய் கிடைத்தது. போசா ரீக்கா என்னும் நகரம் 1930-களில் எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி எழுந்தது. 1950 நவம்பர் 24-இல் அங்கே இயற்கை வாயுவிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து 22 பேர் மாண்டார்கள். எண்ணெயின் லாபம் தலைநகருக்குச் சென்றது. காடழிந்த இடங்களில் ஆரஞ்சுத் தோட்டமும் மாட்டுப் புல்வெளியும் பரவின.

காடழிந்ததன் துக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது அவர்களுடைய 'பறப்போர்' சடங்கு. ஐந்து பேர் காட்டுக்குச் சென்று, உயர்ந்து நேராக வளர்ந்த ஒரு மரத்தைத் தேர்ந்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, வெட்டி, ஊருக்குக் கொண்டுவந்து, குழியில் படையலிட்டு நடுவார்கள். அதன் உச்சியில், கைப்பிடியில்லாத ஒரு சிறு வட்டப் பலகையின்மேல் தலைவன் நின்று, ஒரு கையில் குழலும் அதே கையில் தொங்கும் சிறு பறையுமாக இசைத்து நான்கு திசைகளையும் வணங்க, இடுப்பில் கயிறு கட்டிய மற்ற நால்வரும் தலைகீழாகக் காற்றில் சாய்ந்து சுழன்று சுழன்று இறங்குவார்கள். ஆளுக்குப் பதின்மூன்று சுற்று, நால்வருக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டு. பழைய மெக்ஸிகோவின் கால சக்கரம் ஒருமுறை முற்றும் ஆண்டுகளின் எண்ணிக்கை அது. நாவா, ஓட்டோமி முதலிய அண்டை ஜனங்களும் இதைச் செய்வதுண்டு என்றாலும், டோட்டோனாக் பறப்போரே உலகப் புகழ் பெற்றவர்கள். 2009-இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. அறிவிப்பு வந்தது; ஆனால் அத்தனை உயரமான மரங்கள் காட்டில் அருகிவிட்டதால் பல இடங்களில் இரும்புக் கம்பமே நடப்படுகிறது. உபவாசமும் பிரார்த்தனையுமாக ஆண்டின் குறித்த நாட்களில் செய்யவேண்டியதைக் கடற்கரை ஹோட்டல்களின் வாசலில் ஒரே நாளில் பலமுறை சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்து, தொப்பியை நீட்டிக் காசு பெறும் நிலையும் வந்திருக்கிறது. அந்த இளைஞர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்குக் குடும்பம் உண்டு, பசி உண்டு. காட்டை அழித்துவிட்டு மரத்தின் நடனத்தைப் போற்றுகிற உலகத்திடந்தான் எனக்குக் குறை. இதில் நம்பிக்கை தரும் முயற்சியும் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். தாஹீனுக்கு அருகே அமைந்த பூர்வகுடிக் கலைகளின் நிலையத்தில் மண்பாண்டம், பருத்தி நெசவு, வைத்தியம், பறத்தல் ஆகியவற்றை முதியோரே ஆசிரியராயிருந்து தங்கள் பாஷையிலேயே சிறுவர்க்குப் போதிக்கிறார்கள். கான்டியான் என்னும் முதியோர் சபையின் வழிகாட்டுதலில் அது நடக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ அதைச் சிறந்த பாதுகாப்பு முறைகளில் ஒன்றாகப் பாராட்டியது.

இனிப் பாஷையைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனத்தில் மிக ஆழமாகத் தைத்திருப்பது அதுவே. டோட்டோனாக்கும் தெப்பேவாவும் சேர்ந்த மொழிக்குடும்பம் அண்டையிலுள்ள நாவாட்டில், ஓட்டோமி முதலியவற்றோடு பிறப்பால் உறவில்லாதது. டோட்டோனாக் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், கடலோரப் பாப்பான்ட்லாவில் பேசுவதும், மலைநாட்டில் பேசுவதும், தெற்கே மிசான்ட்லாவில் பேசுவதும் ஒன்றுக்கொன்று எளிதில் விளங்காத தனித்தனிப் பாஷைகள். மெக்ஸிகோ அரசாங்கத்தின் மொழி நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பட்டியலில் டோட்டோனாக்குக்கு ஏழு வகையும் தெப்பேவாவுக்கு மூன்று வகையும் காட்டப்பட்டுள்ளன. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் டோட்டோனாக் பேசுவோர் சுமார் 2,56,000 பேர்; தெப்பேவா பேசுவோர் 9,000-க்குக் கிட்ட. மிசான்ட்லாவின் பாஷையைப் பேசுவோர் சில நூறு பேர், அவர்களும் பெரும்பாலும் முதியோர்.

அந்தப் பாஷைகளின் அமைப்பைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைப் படிக்கும்போது மனித புத்தியின் விசித்திரத்தை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. கழுவுதல், அடித்தல், நோதல் முதலிய வினைகளைச் சொல்லும்போது உடம்பின் எந்த உறுப்பு என்பதை வினையின் முன்னேயே ஒட்டாகச் சேர்த்து ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். வினைக்கு முன்னும் பின்னும் ஒட்டுக்கள் கூடிக்கூடி ஒரு சொல்லே ஒரு வாக்கியத்தின் பொருளைத் தாங்கி நிற்கும். எண்ணுப்பெயர்களும் அப்படியே, எண்ணப்படுவது மனிதனா, உருண்டையானதா, நீண்டதா என்பதற்கேற்ப எண்ணின் முன்னொட்டு மாறும். உயிரெழுத்துக்களைத் தொண்டையை இறுக்கி உச்சரிப்பது, சாதாரணமாக உச்சரிப்பது என்ற வேறுபாட்டால் பொருள் மாறும். இவற்றைவிட எனக்கு இன்பமளித்த செய்தி வேறொன்று. நம் தமிழில் சலசல, மடமட, கடகட என்று இரட்டைக்கிளவிகள் இருக்கின்றனவே, அவற்றைப் போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் அங்கே ஏராளம். அவற்றில் ஒரு மெய்யெழுத்தை மட்டும் மாற்றினால், அதே செயல் மென்மையாக நிகழ்ந்ததா, வலிமையாக நிகழ்ந்ததா என்ற பேதம் தொனிக்கும். இப்படி ஒரு நுண்மை ஒரே தலைமுறையில் உருவாகிவிடுவதன்று. எத்தனையோ தாய்மாரும் பாட்டன்மாரும் காட்டின் ஓசைகளைக் கேட்டுக் கேட்டு வடித்துவைத்த செல்வம் அது. மிசான்ட்லாவின் கடைசிக் கிழவி கண்மூடும்போது அப்படிப்பட்ட செல்வத்தின் ஒரு கிளை உலகத்தில் எங்கும் மீளாமல் போய்விடும்.

இந்த நிலை தானாக வந்ததன்று. மெக்ஸிகோவின் புரட்சி அரசாங்கங்கள் கிராமந்தோறும் பள்ளிக்கூடம் கட்டின. அந்தப் புண்ணியத்தை மறுக்கவில்லை. ஆனால் தேசம் ஒன்றானால் பாஷையும் ஒன்றாகவேண்டும் என்ற பிடிவாதத்தால் ஸ்பானிய மொழியே அங்கே ஆண்டது. தாய்மொழியில் பேசிய குழந்தைக்கு அடியும் அவமானமும் கிடைத்தன. அடிபட்ட குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் மக்களுக்கு அந்தத் துன்பம் வேண்டாமென்று எண்ணி, வீட்டிலும் ஸ்பானிய மொழியையே பேசத் தொடங்கினார்கள். 2003-இல் பூர்வகுடிகளின் மொழியுரிமைச் சட்டம் நிறைவேறி, பூர்வகுடிகளின் மொழிகளெல்லாம் ஸ்பானியத்துக்குச் சமமான தேசிய மொழிகள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. சட்டம் உன்னதமானதே. நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஒரு டோட்டோனாக் மூதாட்டி தன் வலியைத் தன் பாஷையில் சொல்லி அது உடனே விளங்கிக்கொள்ளப்படும் நாள் வந்தால்தான் அந்தச் சட்டம் அவளுக்குச் சட்டமாகும்.

வாய்ப்புக் கிடைத்தால் அம்மக்கள் என்ன செய்வார்கள் என்பதைப் புவேப்லாவின் மலைநாட்டு ஊராகிய உவேவேட்லா காட்டியிருக்கிறது. அங்கே ஜனத்தொகையில் மிகப் பெரும்பாலோர் டோட்டோனாக்குகள். ஆயினும் நகராட்சியும் கடையும் வட்டியும் சிறுபான்மையான ஸ்பானிய மொழிக்காரரின் கையிலேயே இருந்தன. 1989-இல் அவ்வூர் உழவர்கள் சுதந்திர டோட்டோனாக் சங்கம் என்ற ஸ்தாபனத்தை நிறுவித் தேர்தலில் வென்று, 1990 முதல் 1999 வரையில் மூன்று முறை தொடர்ந்து நகராட்சியை நடத்தினார்கள். முதியோர் சபையைக் கலந்து முடிவெடுத்தார்கள். பாதையும் மின்சாரமும் குடிநீரும் எட்டாத குக்கிராமங்களுக்கு, கூலி வாங்காமல் கூடிச் செய்யும் பழைய பொதுவேலை வழக்கத்தால் அவற்றைக் கொண்டுசென்றார்கள். 1994-இல் கோயோம் என்ற பெயரில் ஓர் உயர்நிலைக் கல்வி நிலையத்தையும் தொடங்கி, மற்றப் பாடங்களோடு டோட்டோனாக் பாஷையையும் எழுத்திலேயே கற்பித்தார்கள். பின்னர் அரசியல் கட்சிகளின் பணமும் அழுத்தமும் தேர்தலில் அவர்களைத் தோற்கடித்தன, பள்ளி நிலைத்தது. படிப்பறிவில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட உழவர்கள் ஒன்பது ஆண்டுகளில் செய்ததை, அவர்களுக்காக ஆண்டவர்கள் அதற்கு முன் செய்யவில்லை. குவேட்சாலான் ஊரிலிருந்து ஒலிபரப்பாகும் மலைநாட்டு வானொலியில் டோட்டோனாக் கவிஞரான மனுவேல் எஸ்பினோசா சாய்னோஸ் தம் தாய்மொழியில் பேசியும் எழுதியும் வருவதும் இதே ஊற்றிலிருந்து பெருகும் முயற்சிதான்.

ஒரு பழங்கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. டோட்டோனாக் நம்பிக்கையில் ஆக்ட்சினி என்பது கடலுக்கடியில் கட்டுண்டு கிடக்கும் ஆதி இடி. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அதிபதி. ஜூன் 24-இல் வரும் அர்ச் யோவானின் திருநாளே தன் திருநாள் என்று அது அறிந்துவிட்டால் களிப்பில் உலகத்தையே வெள்ளத்தில் ஆழ்த்திவிடும் என்று மற்ற இடித்தெய்வங்கள் அந்த நாள் எப்போது வருகிறதென்பதை அதனிடம் மறைக்கின்றனவாம். கிறிஸ்தவ ஞானியின் திருநாளையும் தம் முன்னோரின் இடியையும் ஒரே கதையில் இணைத்துக்கொண்ட மனத்தின் விசாலத்தைப் பாருங்கள். மதமும் ஆட்சியும் வலியத் திணிக்கப்பட்டபோதும் அவற்றைத் தம்முடையதாக உருமாற்றிக்கொண்டு நிலைத்த ஜனங்கள் இவர்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்றோ, மறைந்துகொண்டிருப்பவர்கள் என்றோ எழுதுவது தவறு.

ஆகவே யுனெஸ்கோவுக்கும் மெக்ஸிகோ அரசாங்கத்துக்கும், பறப்போரின் கூத்தைக் கண்டு கைதட்டிய ஒவ்வொரு யாத்திரிகருக்கும் சொல்லவேண்டியது இதுவே: கூத்தைக் காப்பதானால் அதற்கு மரம் வேண்டும், மரத்துக்குக் காடு வேண்டும், காட்டுக்கு அதன் உழவர்களின் கையில் நிலம் வேண்டும், பாஷையைக் காப்பதானால் முதல் வகுப்பிலிருந்து அது பாடமொழியாகவேண்டும், அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்குரிய சம்பளமும் கௌரவமும் கிடைக்கவேண்டும். உவேவேட்லாவின் பள்ளியைப் போன்றது ஒன்று மிசான்ட்லாவிலும், தெப்பேவா ஊர்களிலும், மலைநாட்டின் ஒவ்வொரு பெரிய கிராமத்திலும் எழவேண்டும். அதற்கான பணத்தை அரசாங்கம் கொடுக்கட்டும். நடத்தும் பொறுப்பை அந்த ஊர் முதியோரிடமே விட்டுவிடட்டும்.